தொட்டுப் பார்க்கிற வாத்தியார்

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். ஓட்டலில் தோசைக்கல்லைக் காட்டி "சூடா இருக்கு சார்" என்று சொன்னால் போதாது. விரல் நுனியால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு, "ஆமா, சூடுதான்" என்பார். நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த நியாயம். அதனாலேயே அவர் வாயை நம்பாமல் விரலை நம்பினார்.

கம்பத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவே, முல்லையாற்று வாய்க்கால் பாய்கிற ஓர் ஊரில், மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி. நான் கணக்கு வாத்தியார், உள்ளூர்க்காரன், வயல் உள்ள வீட்டுப் பிள்ளை. அவர் சயன்ஸ் வாத்தியார், ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர், என்னைவிட இரண்டொரு வயது இளையவர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதைப் படித்து முடிக்கும்போது நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

எதைத் தொடலாம், யாரைத் தொடலாம், எந்தக் குடத்தைத் தொடலாம் என்று பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன்பே சொல்லிக்கொடுத்துவிடுகிற ஊர் எங்களுடையது. அங்கே இப்படி ஒரு மனிதர் கையை நீட்டிக்கொண்டே திரிந்தால் எப்படி இருக்கும்? வைக்கோல் படப்பு ஓரத்தில் சுருட்டுப் பிடிக்கிறவனைப் பார்ப்பதுபோல் இருக்கும். அவரோடு தெருவில் நடக்கும்போது அவர் முகத்தைவிட அவர் கையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பித்தளை அண்டா ஒன்று இருக்கும். எங்கள் பிள்ளைகள் அதில் மொண்டு குடிப்பார்கள். கீழத்தெருப் பிள்ளைகளுக்குப் புளியமரத்தடியில் மண்பானை தனி. பாதிரிச் சாமியார் நடத்துகிற பள்ளிக்கூடம்தான், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரே சாமியைத்தான் கும்பிட்டார்கள். ஆனாலும் மாதா கோவிலுக்குள் கீழத்தெருவுக்கு இடம் தனி, பள்ளிக்கூடத்தில் பானை தனி. ஒரு நாள் மத்தியானம் இவர் வெப்பமானியை எடுத்துவந்து முதலில் அண்டாவில் விட்டார், பிறகு பானையில் விட்டார். குறித்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். அண்டாவில் ஒரு மடக்கு, பானையில் ஒரு மடக்கு குடித்துவிட்டு, பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, "ரெண்டும் ஒரே வாய்க்கா தண்ணிதான். பானையில கொஞ்சம் குளிர்ச்சி. அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சொன்னார்.

பொழுது சாயுமுன் புகார் சாமியார் பங்களாவுக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடம் நிற்கிற நிலமே நாட்டாமை வீட்டார் கொடுத்தது, சாமியார் பாவம் என்ன செய்வார். இவரைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும், நன்னடத்தை சர்டிபிகேட்டும் கிடைக்காது என்று சொல்லி அனுப்பினார். சர்டிபிகேட் இல்லாமல் ஜில்லாவில் வேறு எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாது. அவருக்கு இது ஏற்கெனவே மூன்றாவது பள்ளிக்கூடம். வீட்டில் மனைவி மசக்கையில் படுத்திருந்தார்.

"கொஞ்ச நாளைக்குக் கைய மடக்கி வச்சுக்கங்க சார்" என்றேன்.

"பாக்குறேன் சார். மடங்குனா நல்லதுதான்" என்றார். சொல்லிக்கொண்டே வழியில் நின்ற யாரோ ஒருவருடைய மாட்டின் மூக்கைத் தொட்டு ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தார்.

அந்தக் கையால் ஊருக்கு நல்லதும் நடந்ததுண்டு. ஒரு சனிக்கிழமை நாங்கள் கம்பம் போய்க்கொண்டிருந்த பஸ் பாலத்துக்கு அருகில் விக்கி விக்கி நின்றுவிட்டது. டிரைவர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு இஞ்சினுடைய ஆத்தாளையும் அப்பனையும் வைதுகொண்டிருந்தார். இவர் போய் எட்டிப் பார்த்தார்.

"தொடாதீக சார், கரண்டு தூக்கி எறிஞ்சுரும்" என்று டிரைவர் கத்தினார்.

"நீங்கதான் நிறுத்திட்டீகளே" என்று சொல்லி இவர் உள்ளே விரலை விட்டார். இரண்டு பாயிண்டுகள் சேர்ந்து சேர்ந்து பிரிகிற இடம் அது. விரலால் தடவி, "சொரசொரன்னு இருக்கு. தீஞ்சு போச்சு. கண்டன்சர் செத்துருக்கு" என்றார்.

இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் மின்தேக்கி என்று போடுகிறார்கள், ரேடியோக்காரர்கள் கெப்பாசிட்டர் என்கிறார்கள். அப்போது எல்லாருக்கும் கண்டன்சர். எங்கள் டிரைவருக்கு அப்படி ஒரு சாமான் தன் பஸ்ஸில் இருப்பதே தெரியாது. ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து இவர் விளக்கினார்.

"ஓடுற வாய்க்கால படக்குன்னு பலகை போட்டு மறிச்சா தண்ணி என்ன செய்யும்?"

"கரைய ஒடைக்கும்" என்றார் டிரைவர்.

"பக்கத்துல ஒரு பள்ளம் இருந்தா?"

"அதுல ஏறிக்கிரும்."

"அந்தப் பள்ளந்தான் கண்டன்சர். இந்த ரெண்டு பாயிண்டும் பிரியுறப்ப, ஓடிக்கிட்டிருந்த கரண்டு நிக்க மாட்டேன்னு தாண்டிக் குதிக்கும். குதிச்சா பாயிண்டு தீயும், இஞ்சினுக்குப் போற பொறி செத்துப்போகும். கண்டன்சர் இருந்தா கரண்டு அதுக்குள்ள போயி ஒதுங்கிக்கிரும்."

ஒதுங்குகிற அந்தப் பள்ளத்தை அன்றைக்கு அவரே செய்தார். மலைமேல் எஸ்டேட்டிலிருந்து தேயிலைப் பெட்டி இறங்குகிற கடை ஒன்று பக்கத்தில் இருந்தது. பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத் தகட்டை உரித்துவரச் சொன்னார். கோவில் மெழுகுவத்தியை உருக்கிக் காகிதத்தை அதில் தோய்த்தெடுத்தார். தகடு, காகிதம், தகடு, காகிதம் என்று அடுக்கி, ஒரு தகடு இன்னொரு தகட்டின்மேல் பட்டுவிடாமல் இறுக்கிச் சுருட்டி, மூக்குப்பொடி டப்பா ஒன்றில் அடைத்து, இரண்டு கம்பியை வெளியே விட்டார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பஸ் கிளம்பியது. அந்த டிரைவர் அதற்குப் பிறகு இவரைக் கண்டால் ஸ்டீரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடுவார், உள்ளே இருக்கிற எங்களுக்குத்தான் பயமாக இருக்கும்.

மிச்சத் தகட்டில் அவர் செய்ததுதான் ஜாடி. வாயகன்ற கண்ணாடி ஊறுகாய் ஜாடி ஒன்றுக்கு உள்ளே ஒரு சுற்று தகடு, வெளியே ஒரு சுற்று தகடு. வாயை மெழுகால் அடைத்து, நடுவில் பித்தளைக் கம்பி ஒன்றை இறக்கி, அது உள் தகட்டைத் தொடும்படி சங்கிலி கோத்தார். கம்பியின் தலையில் ஒரு குமிழ். பள்ளிக்கூடத்தில் சீமையிலிருந்து வந்த சக்கர மெஷின் ஒன்று தூசி படிந்து கிடந்தது. இரண்டு கண்ணாடித் தட்டுகள் எதிரும் புதிருமாகச் சுற்றும். கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் உண்டாகும். அதை ஜாடிக்குள் ஏற்றுவார். சுற்றுவதை நிறுத்தின பிறகும் மின்சாரம் ஜாடியிலேயே நிற்கும்.

"எப்பிடி சார் நிக்குது?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்குற தகடும் வெளிய இருக்குற தகடும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டே நிக்கும் சார். நடுவுல கண்ணாடி இருக்கதால சேர முடியாது. சேர்ற வரைக்கும் அடங்காது."

கண்ணாடியைத் தாண்டி ஒரு வழி கிடைத்தால் ஒரே பாய்ச்சலில் பாய்ந்துவிடும். மரப்பிடி போட்ட பித்தளை இடுக்கி ஒன்று வைத்திருந்தார். அதன் ஒரு முனையை வெளித் தகட்டிலும் மறு முனையைக் குமிழிலும் வைத்தால் படீரென்று நீலப் பொறி தெறிக்கும். முதல்முறை பார்த்தபோது நான் இரண்டடி பின்வாங்கினேன். பொறி தெறித்து முடிந்துவிட்டதே என்று கொஞ்ச நேரம் கழித்துத் துணிந்து குமிழைத் தொட்டேன். முழங்கை வரை சுருக்கென்று அடித்தது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒருதரம் இறக்குனா தீந்துச்சுன்னு நெனைக்காதீக. கண்ணாடி கொஞ்சம் ஒளிச்சு வச்சுக்கிரும். ரெண்டு மூணு தரம் இறக்கணும்."

மேற்கே சாரல் அடிக்கிற மாதங்களில் காற்றில் ஈரம் ஏறி ஜாடியில் எதுவும் நிற்காது. அதனால் மாசி மாதத்துக்காகக் காத்திருந்தார். மாசியில்தான் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகை. ஜாடியைப் பற்றிக் கேள்விப்பட்ட இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார். வாத்தியார்களும் ஊர்ப் பெரியவர்களும் கைகோத்து வட்டமாக நிற்பது, ஒரு கோடியில் இருப்பவர் ஜாடியைப் பிடிப்பது, மறுகோடியில் இருப்பவர் குமிழைத் தொடுவது, அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் அதிர்ச்சி பாய்வது. இதுதான் இவர் போட்ட திட்டம். சாமியார் தலையாட்டிவிட்டார். பெரியவர்களுக்கும் குஷிதான்.

ஆனால் வாத்தியார்களில் ஒருவர் கீழத்தெருக்காரர். ஒன்றாம் வகுப்புக்கு அந்த வருஷம்தான் வந்திருந்தார். மிஷனில் படித்துத் தேறி வந்த இளைஞர். நாங்கள் எல்லாரும் அவரை 'ஏப்பா' என்போம். சயன்ஸ் வாத்தியார் ஒருவர்தான் 'சார்' என்பார்.

"அவரையுமா சேக்குறீக?" என்று இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் கேட்டேன்.

"வாத்தியார்னா எல்லா வாத்தியாரும்தான சார்? ஒரு பக்கம் நான் அவரு கையப் பிடிச்சுக்கிறேன். இன்னொரு பக்கம் நீங்க பிடிச்சுக்கங்க. மத்தவுக யாரும் அவரத் தொட வேண்டியதில்ல."

"நானா?"

"வேற யாரச் சார் நம்புறது?"

சரி என்று சொல்லிவிட்டேன். நான் ஒன்றாம் வகுப்பு வாத்தியாரைத் தொட்டால் எனக்குக் கேடு. அதைவிட, புகார் போனால் சயன்ஸ் வாத்தியாரின் வேலை அன்றோடு சரி. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். தோளில் துண்டு கிடக்கும். அதை நாலாக மடித்துக் கையில் போட்டு அந்தத் துணியோடு சேர்த்துப் பிடித்தால், பிடித்ததுபோலவும் ஆயிற்று, தொடாததுபோலவும் ஆயிற்று. கீழத்தெரு ஆட்களிடம் எதையாவது வாங்க வேண்டியிருந்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் வாங்குவார்கள். பாம்பும் நோகாமல் கோலும் நோகாமல் காரியம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். காய்ந்த துணி மின்சாரத்துக்குச் சுவர் என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்து முற்றத்தில் பெஞ்சுகளை வளைவாகப் போட்டு எங்களை அதன்மேல் ஏற்றி நிறுத்தினார். கால் தரையில் பட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடுமாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியவர்கள் பெஞ்சுமேல் ஏறியபோது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு கோடியில் நாட்டாமை. அவர் எனக்குத் தூரத்து மாமா முறை. அப்புறம் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர், வாத்தியார்கள், நான், ஒன்றாம் வகுப்பு வாத்தியார், மறுகோடியில் சயன்ஸ் வாத்தியார். நான் துண்டோடு கையை நீட்டினேன். ஒன்றாம் வகுப்பு வாத்தியார் அதைப் பார்த்தார். பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்து அவருக்குப் பழக்கம் இருந்திருக்கும்.

இருபது சுற்றுச் சுற்றி ஜாடியில் ஏற்றி, நாட்டாமை கையில் கொடுத்து, "குமிழத் தொட்டுராதீக" என்று சொல்லிவிட்டு இவர் தம் இடத்தில் ஏறி நின்றார். விரலைக் குமிழுக்குக் கொண்டுபோனார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

ஒன்றும் நடக்கவில்லை. அவர் விரலில் மட்டும் முள் குத்தினாற்போல் சின்னதாக ஒரு பொறி. கூட்டத்தில் யாரோ கெக்கலித்தார்கள்.

"என்ன, ஜாடி வேலை செய்யவில்லையா?" என்று நாற்காலியில் இருந்தபடியே இன்ஸ்பெக்டர் கேட்டார்.

இவர் இறங்கி வந்து இடுக்கியை எடுத்து ஜாடியில் வைத்தார். படீர் என்றது. புளியமரத்துக் காக்கை எல்லாம் பறந்தன.

"ஜாடி நல்லாத்தான் இருக்குங்கய்யா. வட்டந்தான் எங்கயோ அறுந்துருக்கு."

"எங்கயோ என்ன எங்கயோ?" என்றார் நாட்டாமை. "அந்தக் கடைசியில நிக்குறவன்தான் பயந்துக்கிட்டுக் கைய விட்டுருப்பான். ஏலே, கைய விட்டியால?"

"இல்லீங்கய்யா. நான் விடல" என்றார் ஒன்றாம் வகுப்பு வாத்தியார்.

"பொய் சொல்றான். இவனுக்குத்தான் வாத்தியார் வேல குடுத்து வச்சுருக்காக."

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அவர் பெயர் என்ன என்று சாமியாரிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சயன்ஸ் வாத்தியார் வட்டத்தின் உள்பக்கமாக நடந்துவந்தார். ஒவ்வொரு ஜோடிக் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். நாட்டாமையில் ஆரம்பித்து என்னிடம் வந்து நின்றார். துண்டைத் தொட்டார். எத்தனை மடிப்பு என்று விரலால் எண்ணுவதுபோல் இருந்தது. பிறகு என் காதருகில் குனிந்தார்.

"துண்ட எடுங்க சார்."

"எடுத்தா உங்க வேல போயிரும் சார்."

"எடுக்கலேன்னா இவரு வேல போயிரும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி மனைவியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும் சார், எடுங்க" என்று முந்திக்கொண்டார்.

எடுத்துத் தோளில் போட்டேன். ஒன்றாம் வகுப்பு வாத்தியாரின் கையைப் பிடித்தேன். வேர்த்து ஈரமாக இருந்தது. ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள், அந்தக் கையை அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தொட்டேன். சாதாரணக் கை. அதை நினைத்து அப்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்தத் தடவை முப்பது சுற்று. பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். இவர் ஏறி நின்று எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் குமிழைத் தொட்டார்.

இரண்டு முழங்கையிலும் உலக்கையால் அடித்தாற்போல் இருந்தது. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் துள்ளினோம். நாட்டாமை "ஆத்தாடி" என்று அலறி ஜாடியைக் கீழே போடப்போனார். தலைப்பாகை இரண்டு உருண்டது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு வாய்க்கால் வரைக்கும் கேட்டிருக்கும். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று கைதட்டினார். நானும் ஒன்றாம் வகுப்பு வாத்தியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், இன்னும் கையை விடாமல். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்தது குறைவு.

அன்று மாலை நாட்டாமை தம் வீட்டில் இந்த அதிசயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவி சோற்றை வைத்துவிட்டு, "அப்ப அந்தக் கீழத்தெருக்காரன் மேல பாஞ்சதுதான உங்க மேலயும் பாஞ்சுருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வி போதும். விடியுமுன் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. காலையில் வாய்க்காலில் இறங்கினால், வட்டத்தில் நின்ற பெரியவர்கள் அத்தனை பேரும் வரிசையாக முழுகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தலை துவட்டிக்கொண்டே நாட்டாமை நேரே என் வீட்டுக்கு வந்தார். கூட இரண்டு பேர். ஊரில் எந்த மனுவானாலும் என்னிடம்தான் எழுத வருவார்கள். கையெழுத்து அச்சுப்போல் இருக்கும் என்று எனக்குப் பெருமை வேறு.

"சாமியாருக்கு ஒரு மனு எழுது மாப்ள. வாயால சொன்னா அவரு கேக்க மாட்டாரு. காகிதத்துல இருந்தா ஒண்ணுஞ் செய்ய முடியாது."

"மாமா, நானும் அந்த வட்டத்துல நின்னேனே."

"நீ துண்டு போட்டுத்தான பிடிச்ச? நான் பாத்தேன்."

முதல் தடவை ஜாடி ஏன் பாயவில்லை என்பது அவருக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த இளைஞரைப் பொய்யன் என்றார்.

"ரெண்டாந்தரம் எடுத்துட்டேன் மாமா" என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. அவர், "உனக்குத் தீட்டு இல்ல. உன் பேரச் சேக்க வேணாம். எங்க பேர மட்டும் எழுது" என்றார். வாசலில் இறங்கினவர் திரும்பி, "வியாழக்கிழமைதான உங்க வயலுக்கு முறைத் தண்ணி?" என்று கேட்டார். முறை வைத்து மடை திறந்துவிடுவது அவருடைய ஆட்கள். கதிர் பால் பிடிக்கிற நேரம். ஒரு முறை தவறினால் விளைச்சல் பதராகிவிடும். அதை அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எழுதினேன். மகா கனம் பொருந்திய சாமி அவர்கள் சமூகத்துக்குத் தாழ்மையுள்ள விண்ணப்பம் என்று ஆரம்பித்து, மேற்படி சயன்ஸ் உபாத்தியாயர் ஜாடியில் மின்சாரம் பிடித்து, அதைக் கீழத்தெரு உபாத்தியாயர் தேகத்தில் செலுத்தி, அவர் தேகம் வழியாக அடியிற்கண்ட எங்கள் தேகங்களிலும் செலுத்தி, எங்கள் ஆசாரத்துக்குப் பங்கம் விளைவித்தபடியால் என்று ஒரு பிழை இல்லாமல் எழுதி முடித்தேன். கீழே நின்ற வரிசைப்படியே பெயர்கள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். மற்ற வாத்தியார்களும் போட்டார்கள். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் சயன்ஸ் வாத்தியாருக்கு வேலை போயிற்று. சர்டிபிகேட்டும் இல்லை. ஒன்றாம் வகுப்பு வாத்தியாரை மலைமேல் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள், வேலை மட்டும் தப்பியது. இன்ஸ்பெக்டர் பாராட்டி எழுதின குறிப்பு பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் எடுத்துப் படிக்கவில்லை.

அவர் ஊரைவிட்டுப் போன அன்று காலை நான் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். அவர் மனைவி முன்னாலேயே ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டார். இவர் மட்டும் எப்போதும்போல் சிரித்தார்.

"சாமி மனுவக் காட்டுனாரு. பாத்ததுமே உங்க கையெழுத்துன்னு தெரிஞ்சுச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தேன்.

"விடுங்க சார். மின்சாரம் எங்க எல்லார் மேலயும் பாஞ்சதுன்னு அத்தன பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காக. இதவிட நல்ல சர்டிபிகேட்டு எனக்கு எவன் குடுப்பான்?"

டிரைவர் ஹாரனை அழுத்தினார். இவர் படியில் ஒரு காலை வைத்தவர், ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நின்றார்.

"ஒரு சந்தேகம் சார். பட்டியல்ல உங்க பேரு இல்ல. நீங்க நடுவுல நிக்கலேன்னா, நாட்டாமை வரைக்கும் அது எப்பிடிப் போயிருக்கும்?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. வகுப்பில் கேட்கிற அதே குரல். பதில் தெரிந்தால் சொல்லுங்கள் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. அவர் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அந்த வியாழக்கிழமை எங்கள் வயலுக்கு முறைத் தண்ணீர் வந்தது. வழக்கத்தைவிட ஒரு நாழிகை அதிகமாகவே விட்டிருந்தார்கள்.